புத்தாக்கம்: பால்மரம் கற்பிக்கும் பாடம்



'புத்தாக்கம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? விண்கலம், கணினி, வானளாவிய கட்டடம் ஆகியவையே. அவற்றைப் படைப்பவர்கள் பேரறிஞர்கள் என்றும், தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். இவ்வெண்ணம் தவறானது. நம் பாட்டன் பாட்டியர் நாள்தோறும் கையில் ஏந்திய சிறு கத்திக்குப் பின்னே ஒரு பெரிய புத்தாக்கம் மறைந்திருக்கிறது. அதனை அறிந்துகொண்டால், பொறியியலார் பின்பற்றும் வடிவமைப்பு முறையையும் எளிதில் அறிந்துகொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இதுவரை இல்லாத ஒன்றைக் கண்டறிவது மட்டும் புத்தாக்கம் ஆகாது. இருக்கும் பொருளையோ செய்முறையையோ முன்னிலும் பயனுடையதாக மாற்றி அமைப்பதும் புத்தாக்கமே. அவ்வாறு மாற்றுவதற்கு ஓர் ஒழுங்கான வழி உண்டு. சிக்கலைத் தெளிவாகக் கூறுதல், செய்திகளைத் திரட்டுதல், பல வழிகளை எண்ணுதல், ஒன்றைத் தேர்ந்து செய்து பார்த்தல், சோதித்தல், திருத்துதல், பிறருக்கு எடுத்துரைத்தல் ஆகிய ஏழு படிகளே அவ்வழியாகும். இனி, பால்மரத்தின் வரலாற்றில் இப்படிகளைக் காண்போம்.

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் என்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. மறு ஆண்டில், அதாவது 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன.

கன்றுகள் மரங்களாயின. எனினும் தோட்டக்காரர்கள் அவற்றை விரும்பவில்லை. காப்பி அப்போது நல்ல விலை போயிற்று. பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே பயன் தரும் இந்த மரத்தை யார் நடுவார்? மேலும், அதிலிருந்து பாலெடுக்கும் முறையும் செம்மையாக இல்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். கோடரி பட்டையைத் தாண்டி மரத்தின் கட்டைப் பகுதியிலும் பாய்ந்தது. புண்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்தது. பின்பு அங்கே வெட்ட இயலாமற் போயிற்று. பாலுக்காகப் பசுவின் மடியை அறுப்பார் உண்டோ? ஆனால், மரத்திற்கு நேர்ந்தது ஏறக்குறைய அதுதான்.

1888ஆம் ஆண்டில் என்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் தாவரவியல் அறிஞர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில்தான் பிரித்தானியாவில் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமம் பெற்றார். இவ்விரு நிகழ்ச்சிகளும் பிற்காலத்தில் ஒன்றுகூடி மலாயாவின் முகத்தையே மாற்றப் போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

ரிட்லி செய்த முதல் நற்செயல் கேள்வியைச் சரியாகக் கேட்டதே. 'பால் எடுப்பது எப்படி?' என்பது பழைய கேள்வி. அதற்குக் கோடரியே விடையாக இருந்தது. 'மரத்திற்குக் கேடு செய்யாமல், திரும்பத் திரும்பப் பால் எடுப்பது எப்படி?' என்பது புதிய கேள்வி. இக்கேள்விக்குக் கோடரி விடையாகாது. சிக்கலைத் தெளிவாகக் கூறுதல் என்னும் முதற்படி இதுவே. கேள்வி மாறினால் விடை மாறும் என்பதை மாணவர்கள் மனத்திற் பதித்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி, செய்திகளைத் திரட்டுதல். பால் எங்கே இருக்கிறது? கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. பட்டையின் உட்பகுதியில் நுண்ணிய பாற்குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை என்னும் மெல்லிய அடுக்கு உள்ளது. புதிய பட்டையைத் தோற்றுவிப்பது அதுவே. ஆகவே பாற்குழாய்களை அறுக்க வேண்டும், வளர்படையைத் தொடலாகாது. வடிவமைப்பின் எல்லை இவ்வாறு வரையறுக்கப்பட்டது.

அடுத்து, பல வழிகளை எண்ணிச் செய்து பார்க்கும் படிகள். பூங்காவிலிருந்த மரங்களில் ரிட்லி பல்லாண்டுகள் சோதனை நடத்தினார். ஆங்காங்கே புதிதாகக் கொத்துவதற்கு மாறாக, முன்பு வெட்டிய கோட்டின் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவலை எடுத்தால் பால் மீண்டும் வடிவதைக் கண்டார். இதன் காரணம் எளியது. வெட்டிய பின்னர்ச் சிறிது நேரத்தில் பால் உறைந்து குழாய்களின் வாயை அடைத்துவிடுகிறது. அடைத்த அந்த நுனியைச் சீவி அகற்றினால் வழி மறுபடியும் திறக்கிறது. நடுவே ஒரு கால்வாயும், இருபுறமும் சாய்ந்த கோடுகளுமாக மீன்முள் வடிவத்தில் வெட்டும் முறை இவ்வாறு உருவாயிற்று.

ஒருவர் மட்டுமே உழைத்து இம்முறை நிறைவு பெற்றதன்று. 1890களின் இறுதியில் இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ஜான் பார்க்கின் என்னும் அறிவியலாளர், அடுத்தடுத்து வெட்டப்படும் மரம் முன்னிலும் மிகுதியாகப் பால் சுரப்பதை ஆராய்ந்தார். பாலை அமிலம் சேர்த்து உறைய வைக்கும் முறையையும் அவர் ஆராய்ந்தார். பின்னர் வந்தோர் மீன்முள் வடிவத்தையும் திருத்தினர். மரத்தின் பாதிச் சுற்றளவில் ஒரே சாய்ந்த கோடு போதுமெனத் தெரிந்தது. இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் அக்கோடு அமைந்தால் மிகுதியான குழாய்கள் அறுபடும். பாலும் தடையின்றிப் பீலிக்கு இறங்கும். சோதித்தலும் திருத்துதலும் ஓயாத படிகள் என்பதற்கு இது சான்று.

ஏழாம் படி, பிறருக்கு எடுத்துரைத்தல். ரிட்லிக்கு இதுவே பெரும்பாடாக இருந்தது. தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். தோட்டக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இரப்பர் விதைகளைக் கொடுத்து நடும்படி வற்புறுத்தினார். அவர்களோ அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று எள்ளி நகையாடினர். 1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். கன்றுகள் சிங்கப்பூரை அடைந்து அதற்குள் 19 ஆண்டுகள் ஆகிவிட்டன! பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. மலாயா எங்கும் இரப்பர் பரவிற்று. ரிட்லி 1956ஆம் ஆண்டில் தம் நூறாவது வயதில் மறைந்தார். தம்மை எள்ளியவர்களின் நாட்டம் மாறியதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

மாணவர்களே! கதை இத்துடன் முடியவில்லை. தாளில் எழுதப்பட்ட முறை தானாக மரத்தை வெட்டிவிடாது. வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கத்தியை நிறுத்த வேண்டும். சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடு போனால் பால் குறையும். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் ஆதலால், விடியற்காலை மங்கிய ஒளியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். ஒருவர் ஒரே காலையில் ஏறத்தாழ 500 மரங்களை வெட்ட வேண்டும். இந்த நுட்பத்தை நிறைவேற்றியவர்கள் யார்? தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரும், அவர்தம் பிள்ளைகளுமே. எந்த அளவுகோலுமின்றி, கைப்பழக்கத்தாலேயே ஒரு மில்லிமீட்டரை அளந்த கைகள் அவை. அக்கைகள் இல்லையேல் ரிட்லியின் புத்தாக்கம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்திருக்கும்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அன்று கேட்கப்பட்ட கேள்வி மரத்தைப் பற்றியது. மரத்திற்குக் காயம் ஆகலாகாது என்று எண்ணினர். பால்வாளியைச் சுமந்த தோளுக்கும், மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த காலுக்கும் என்ன நேரும் என்பது அக்கேள்வியில் இடம் பெறவில்லை. கேள்வியில் இடம் பெறாதது விடையிலும் இடம் பெறாது. எனவே, ஒரு பொருளை வடிவமைக்கும்போது, 'இதனைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? அவருக்கு எங்கே வலிக்கும்?' என்று முதற்படியிலேயே கேட்டல் வேண்டும். இக்கேள்வியைக் கேட்க நம்மைவிடத் தகுதியுடையார் எவர்? வலியை அறிந்தவரே சிக்கலை முதலில் அறிவார்.

இனி நாமே ஒரு சிறு பயிற்சியைச் செய்து பார்ப்போம். நீர் நிறைந்த வாளியின் கம்பிக் கைப்பிடி கையை அறுக்கிறது. பத்து லிட்டர் நீரின் நிறை 10 கிலோகிராம். அந்தச் சுமை முழுவதும் மெல்லிய கம்பி வழியாக விரல்களை அழுத்துவதே சிக்கல். பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும் என்பது அறிவியல் கூறும் செய்தி. இதற்கு மூன்று வழிகளை எண்ணலாம்: கம்பியிற் பழந்துணியைச் சுற்றுதல், மூங்கில் துண்டைப் பிளந்து கம்பியின்மேற் பொருத்திக் கட்டுதல், இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளிற் சுமத்தல். ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். அதே அளவு நீர், அதே தொலைவு, அதே ஆள். கைப்பிடி மட்டுமே மாற வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது. துணி நனைந்து வழுக்குகிறதா? மூங்கிலின் விளிம்பு குத்துகிறதா? குறிப்பேட்டில் எழுதுங்கள், திருத்துங்கள், மீண்டும் சோதியுங்கள். பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டுமே கத்தியைக் கையாளுங்கள்.

முதல் முயற்சி தோற்றால் வருந்த வேண்டா. எது பயன்படாது என்பதும் நாம் கற்ற செய்தியே. அதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவனே நல்ல பொறியியலாளன்.

பெற்றோர்களே! பிள்ளைகள் பழைய பொருள்களைப் பிரித்துப் பார்த்தாலும், 'ஏன் இப்படி?' என்று கேட்டாலும் கடிந்து கொள்ளாதீர்கள். உங்கள் வேலையில் எங்கே இடர்ப்பாடு உண்டு என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. மரம் மாறலாம், ஊர் மாறலாம். உழைப்பவரின் அனுபவம் வீணாதல் கூடாது. அது பிள்ளையின் குறிப்பேட்டில் ஒரு கேள்வியாக இடம் பெறுமாயின், நாளை அதற்கு ஒரு விடையும் பிறக்கும்.

சிந்தித்து விடை எழுதுக:

1. ரிட்லியின் கேள்விக்கும் அதற்கு முந்திய கேள்விக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. பழைய வெட்டுக்கோட்டிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் பால் மீண்டும் வடிவது ஏன்?

3. உங்கள் தாத்தாவோ பாட்டியோ பெற்றோரோ செய்த வேலையில் அவர்களுக்கு மிகவும் துன்பம் தந்தது எது என்று கேட்டறிக. அதனை ஒரே வாக்கியத்தில் சிக்கலாக எழுதி, மூன்று தீர்வுகளை எண்ணுக.