பியாஜேயைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப் போவது எப்படி?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றிய பியாஜேயின் 4 நிலைகளைச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாட்டுக்கு மட்டும் 30 என்பதால் அந்த மனப்பாடம் வீண் போவதில்லை. ஆனால் கற்பித்தல் பயிற்சிக்காகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய பள்ளி ஒன்றில் கால் வைத்ததும் பாடம் வேறு மாதிரி ஆகிவிடும். தமிழ்ப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, இரும்பாலை வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளை என மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். திருவள்ளூர் செங்கல் சூளைப் பக்கம் போனால் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். மொழி புரியாத பிள்ளையைப் புத்தி வளராத பிள்ளை என்று குறித்துவிடும் ஆபத்து இங்கே மிக அதிகம். அதில் விழாமல் கோட்பாடுகளைக் கையாள ஒரு வரிசை இருக்கிறது.

முதல் வேலை, பிள்ளையின் வீட்டைத் தெரிந்துகொள்வது. பிள்ளையைச் சுற்றி வீடு, பள்ளி, பெற்றோரின் வேலையிடம் என்று அடுக்கடுக்காக வளையங்கள் இருப்பதாக பிரான்பென்பிரென்னர் 1979-இல் எழுதினார். அப்பாவின் ஆலைக்குள் பிள்ளை ஒருநாளும் நுழைவதில்லை. ஆனாலும் காலையில் அதை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இருக்கிறதா என்பதை அப்பாவின் நைட் ஷிப்ட்தான் முடிவு செய்கிறது. சூளை வேலை மழைக்காலத்தில் நின்று, குடும்பம் ஊர் திரும்பினால் படிப்பும் பாதியில் நிற்கும். வீட்டில் என்ன மொழி, காலையில் யார் இருப்பார்கள், இதற்கு முன் எந்தப் பள்ளி என்ற 3 கேள்விகள் போதும். சம்பளம், முன்பணம், கடன் பற்றிக் கேட்காதீர்கள். அது உங்கள் வேலை அல்ல.

அடுத்தது பியாஜேயின் சோதனை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தனியே உட்கார வைத்து, புளியங்கொட்டையை 6, 6 ஆக இரண்டு வரிசை நேருக்கு நேர் வையுங்கள். இரண்டும் சமமா என்று கேளுங்கள். சமம் என்று சொன்ன பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். பரப்பிய வரிசையில்தான் அதிகம் என்று பிள்ளை சொன்னால், எண்ணிக்கை மாறாது என்ற கருத்து இன்னும் வரவில்லை என்பார் பியாஜே.

இங்கே அவசரப்படக் கூடாது. 'அதிகம்' என்ற சொல்லே பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். தெலுங்குப் பிள்ளையிடம் 'எக்குவ', இந்திப் பிள்ளையிடம் 'ஜ்யாதா' என்று கேளுங்கள்; உங்களுக்கு வராவிட்டால் வகுப்பில் இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. டீச்சர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றும். 1970-களில் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் வரிசையைத் தாங்கள் கலைக்காமல், குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று கலைத்துவிட்டதாகக் காட்டிக் கேட்டார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். பொம்மை கிடைக்காவிட்டால் உங்கள் துப்பட்டாவோ முந்தானையோ தற்செயலாகப் பட்டுக் கலைந்ததுபோல் செய்து பாருங்கள். இரண்டு விதத்திலும் வந்த பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் இறந்தவர். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடைப்பட்ட பகுதியில்தான் கற்பித்தலுக்கு வேலை என்றார். 52-லிருந்து 27-ஐக் கழிக்கத் தெரியாத பிள்ளைகள் இருவருக்கும் சுழியம் போடுவது எளிது. அப்படிப் போடாமல் உதவியைப் படிப்படியாகக் கொடுங்கள். முதலில் "ஒன்றாம் இடத்தைப் பாரு" என்று மட்டும். பிறகு "2-ல இருந்து 7 போகுமா?" கடைசியாக ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவன் முதல் உதவியிலேயே போட்டுவிடுவான், இன்னொருவனுக்குக் குச்சி வேண்டியிருக்கும். இருவருக்கும் நாளைய பாடம் வேறு. கற்றுக்கொண்டதும் குச்சியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தேர்வுக்காக ஒரு வார்த்தை: இப்படி உதவி கொடுத்துப் பிறகு விலக்குவதற்கான 'சாரம் கட்டுதல்' என்ற பெயர் வைகாட்ஸ்கி வைத்ததல்ல, 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் வைத்தது.

பொருள், படம், குறியீடு என்ற புரூனரின் வரிசை இதிலேயே அடங்கிவிடும்: குச்சி, குச்சிப் படம், எண். ஆனால் பெட்டிக்கடையில் உட்காரும் பிள்ளை இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் சிறுவர்கள் வியாபாரத்தில் சரியாகப் போட்ட கணக்கையே தாளில் தவறாகப் போட்டதை 1985-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் "50 ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவு தருவே?" என்று வாயால் கேட்டுவிட்டுப் பிறகு எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு முத்திரை குத்தும் ஆபத்து இன்னொரு இடத்திலும் உண்டு. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்ற அதன் பிரிவுகள் பிள்ளை இன்று நிற்கும் இடத்தைச் சொல்பவை. 'அரும்புப் பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினால் திட்டமே கெட்டது.

கடைசி வேலை பதிவேடு. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். உங்கள் கருத்து வலப்பக்கம் போகட்டும்; எந்த மொழியில் கேட்டீர்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் எங்காவது 'மந்தம்' என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டு மொழியில் இன்னொரு முறை சோதனை வைக்காமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்காதீர்கள்.