கேஸ் ஷீட்டில் ‘2+’ எழுதும் முன்

காலை ரவுண்ட்ஸில் நீங்கள் ‘2+’ என்று எழுதிய முழங்கால் அனிச்சையை, மாலையில் வந்தவர் ‘3+’ என்று எழுதுகிறார். நோய் மாறியதா, பார்த்த கண் மாறியதா? கேஸ் ஷீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சி மருத்துவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

எர்ப், வெஸ்ட்ஃபால் இருவரும் 1875இல் தனித்தனியே விவரித்த பரிசோதனை இது. சுத்தியல்கள் எத்தனையோ வந்துவிட்டன. வார்டில் அளவுகோல் இன்றும் கண்தான். 1996இல் அமெரிக்காவில் 0 முதல் 4 வரையிலான அளவுகோலைச் சோதித்தபோது, ஒரே மருத்துவர் மறுபடி பார்த்ததில் நல்ல ஒற்றுமை இருந்தது. ஆள் மாறியபோது குறைந்தது. 1998இல் நெதர்லாந்து மருத்துவர்கள் அதையும் மேயோ கிளினிக்கின் ஒன்பது படி அளவுகோலையும் சோதித்தார்கள். மருத்துவர்களுக்கிடையே ஒற்றுமை சுமாரைத் தாண்டவே இல்லை. ஆகவே மாற்றம் தெரிய வேண்டுமானால், முடிந்தவரை முதலில் பார்த்தவரே மறுபடி பார்ப்பது நல்லது.

தட்டும் முறையிலும் பிழை நுழையும். நோயாளியைக் கட்டில் விளிம்பில் உட்கார வையுங்கள். பாதம் தரையில் படக்கூடாது. படுத்திருப்பவருக்கு முழங்காலின் அடியில் உங்கள் முன்கையைக் கொடுத்துத் தாங்குங்கள். சில்லுக்குக் கீழே தசைநாணை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டு, மணிக்கட்டைத் தளர்த்தி, சுத்தியலை அதன் எடையிலேயே விழவிடுங்கள். இன்னொரு கை தொடைமேல் இருக்கட்டும். கண்ணுக்குத் தப்பும் சுருக்கம் உள்ளங்கைக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லையா? இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி, அந்த நொடியில் தட்டுங்கள். ஜென்ட்ராசிக் சொன்ன உத்தி அது. அப்படித்தான் வந்தது என்றால் அதையும் எழுதுங்கள்.

வலது தட்டியதும் இடது. இரு பக்கமும் ஒரேபோல் துள்ளுவது ஆரோக்கியமானவரிடமும் உண்டு. என் பார்வையில், எண்ணைவிட இரு பக்க வேறுபாடுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எல்3, எல்4 நரம்பு வேர்களை நினையுங்கள்.

முந்தைய குறிப்பைப் படிக்கும் முன்பே தட்டிப் பாருங்கள். பிறகு எண்ணோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: ‘வலது, இடதைவிடக் குறைவு, விரல் கோத்து இழுத்ததும் வந்தது.’ இரவுப் பணிக்கு வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரி வேண்டும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.