காரை பெயர்ந்து விழும் வீட்டுக்கு முழு வாடகையா?

கேள்வி: அம்பத்தூரில் மேல்மாடி வீடொன்றில் குடியிருக்கிறோம். மாத வாடகை 12,000 ரூபாய். போன மழையில் தளம் ஒழுகி, படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. சுவரெல்லாம் பூஞ்சை, பையனுக்கு இளைப்பு. போனில் பலமுறை சொல்லியும் வீட்டுக்காரர், "பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோங்க" என்கிறார். வாடகையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, சென்னை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இரண்டு மாதப் பாக்கி சேர்ந்து, கேட்டு அறிவிப்பு வந்தும் கட்டாவிட்டால், உங்களைக் காலி செய்யச் சொல்ல அதுவே சட்டப்படியான காரணமாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் அந்த அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு உங்களுடையவை. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரருடையவை. ஒழுகும் தளமும் கம்பி தெரியும் கூரையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் பொறுப்பு.

போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். இன்றே, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். எந்த அறை, எந்தத் தேதியில் காரை விழுந்தது, என்ன வேலை தேவை, எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுதி, தேதியுடன் எடுத்த படங்களையும், பையனின் மருத்துவச் சீட்டின் நகலையும் இணையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், வேலையை நீங்களே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. 30,000 ரூபாய் செலவானால் மாதம் 6,000 வீதம் ஐந்து மாதம் ஆகும். உள்கூரையைப் பூசுவதற்கு இது போதும். மொட்டைமாடியைக் கொத்தும் வேலையில் அவருடைய எழுத்துச் சம்மதமோ, சட்டப்படி பெற்ற உத்தரவோ இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு கட்டடத்தைச் சேதப்படுத்தியதாகப் பழி வரும். கொத்தனார் கொடுக்கும் மதிப்பீடு, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய், எழுதிக் கேட்டும் அவர் மறுத்தால், 15 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறவும் உரிமை உண்டு. எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். குடியிருக்கத் தகுதியில்லாத வீடு எது என்று சட்டம் விளக்கவில்லை. அதற்குத் தரும் வழியோ, குடியிருப்பவரே மூட்டை கட்டுவது. பையனின் பள்ளியை, வேலைக்குப் போகும் தூரத்தைப் பார்த்து அங்கேயே இருக்க நினைப்பவருக்கு இது எப்படிப் பாதுகாப்பாகும்? புகார் வந்த சில நாட்களுக்குள் ஒரு பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து என்று அவர் சொன்னால், சரிசெய்யும்வரை வாடகை குறைய வேண்டும். புகார் கொடுத்ததற்காகக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கத் தனிப்பிரிவும் வேண்டும். இவற்றைச் சட்டத்தில் சேர்க்காதவரை, பழுதைச் சொல்லவே வாடகைதாரர் பயப்படுவார்.

கோபத்தில் அவர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ தயங்காதீர்கள். அது வெளிப்படையான சட்டமீறல்; இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே இடைக்கால உத்தரவு பெறலாம்.

உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சட்டப்படி அதுவும் வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு போனால் வழக்கு முதல் படியிலேயே தடுமாறும். கடிதத்தை அனுப்பிய கையோடு இதையும் சரிபாருங்கள்.