பயணத்தில் திறன்பேசி: திரைப் பூட்டு மட்டும் போதுமா?

மாணவர்களே, பாதுகாப்புப் பற்றிய வினாவுக்குப் பலர் “தொலைபேசியைக் கவனமாக வைத்திருத்தல்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அது அம்மா சொல்லும் புத்திமதி, பரீட்சை விடையல்ல. எதனை, எதிலிருந்து, எவ்வாறு பாதுகாப்பது என்று எழுத வேண்டும்.

மாதிரி வினா: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் சென்ற கவிதா, திரைப் பூட்டு இட்ட திறன்பேசியை மடியில் வைத்தபடி உறங்கிவிட்டாள். வெள்ளவத்தையில் இறங்கும்போது அதனைக் காணவில்லை. அவளுக்கு ஏற்பட்ட இழப்பு திறன்பேசியின் விலை மட்டுமே எனக் கூறலாமா?

விளக்கம்: கூற முடியாது. திரைப் பூட்டு காப்பது திறன்பேசியினுள் உள்ள தரவுகளையே. 4 இலக்க இரகசிய எண்ணுக்கு 10,000 சேர்மானங்கள். 6 இலக்கமாயின் 1,000,000. (பிறந்த ஆண்டையே இட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.) ஆனால் சிம் அட்டை வேறு. அதனைக் கழற்றி இன்னொரு தொலைபேசியில் இட்டால் கவிதாவின் தொலைபேசி இலக்கம் அங்கே இயங்கும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் முதலியவற்றுக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அங்கேதான் போய்ச் சேரும். திறன்பேசி பூட்டியபடியே இருக்க, கணக்குகள் திறக்கப்பட்டுவிடலாம்.

இதனைத் தடுப்பது சிம் அட்டைக்கே இடும் இரகசிய எண். அதனை இயக்கினால், அட்டையை வேறு தொலைபேசியில் இடும்போது அந்த எண் கேட்கப்படும். 3 தடவை பிழையாக அடித்தால் அட்டை முடங்கும். அதன்பின் வலையமைப்பு நிறுவனத்திடமிருந்து 8 இலக்கக் குறியீடு பெற வேண்டும். ஆகவே முதன்முதலில் இயக்குபவர்கள் ஊகித்து அடிக்காதீர்கள். தெரியாவிடின் நிறுவனத்திடம் கேளுங்கள். சிம் அட்டையுடன் தரும் உறையில் இவை பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அதனை அன்றே குப்பையில் போடுபவர்கள் பலர், நானும் போட்டதுண்டு.

திறன்பேசி அணைக்கப்படாமல் இருந்தால் சிம் பூட்டு கேட்காது. எனவே பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தோன்றாதவாறும் மாற்றிவைக்க வேண்டும்.

புறப்படுமுன் தரவுகளைக் காப்பெடுங்கள். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். இது தொலைபேசிக் கருவியை இனங்காட்டும் எண், சிம் அட்டையை அல்ல. இரண்டையும் குழப்பிப் புள்ளி இழப்பவர்கள் உண்டு. தொலைந்தால் முதலில் வலையமைப்பு நிறுவனத்துக்கு அறிவித்துச் சிம் அட்டையை நிறுத்துங்கள். அடுத்து வங்கி, பின்னர் பொலிஸ் முறைப்பாடு. விடையிலும் இவ்வொழுங்கிலேயே எழுதுங்கள்.

பயிற்சி: தொலைந்த திறன்பேசியின் தரவுகளைத் தொலைவிலிருந்து அழிக்கும் வசதி, அதன் இணைய இணைப்புத் துண்டிக்கப்பட்டால் உடனே செயற்படாது. அந்நிலையில் கவிதாவின் தரவுகளைக் காப்பது எது? காரணத்துடன் விளக்குக.