அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா?

கேள்வி: பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் எங்கள் கருப்பட்டிக் கடைக் கணக்கு ஓடுகிறது. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறலாமா?
- ஒரு வாசகர், உடன்குடி

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அரசு லேப்டாப்புகளில் பலவும் இதில் தேறாது. யூடியூப் பார்த்துக் குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த லேப்டாப்பில் இருக்கிற ராமில் கணக்கு திறப்பதற்குள் பதநீரே கருப்பட்டியாகிவிடும்!

அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய் நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம்.

அதன்பிறகு லினக்ஸ்தான் என் சிபாரிசு. இந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. யார் திறந்து பார்த்தோம்? எக்செல் கணக்கென்றால் லிப்ரெஆபிஸ் போதும். டேலி என்றால் மட்டும் யோசியுங்கள், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும். செலவுக்குப் பலன் அதில்தான்.

எதில் கை வைப்பதற்கு முன்பும் கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.