சிசுவின் செவிச் சோதனை

பெங்களூரு அல்சூரை அடுத்த மர்பி டவுனில், "ஆஸ்பத்திரியில் காது பார்த்தாயிற்று" என்று ஒரு தாய் கூறுவாளாயின், எந்தச் சோதனை என்று சுகாதார ஊழியர் வினவுதல் வேண்டும். உட்செவி தானே எழுப்பும் நுண்ணொலியை 1978இல் டேவிட் கெம்ப் லண்டனில் கண்டறிந்தார். அவ்வொலியை அளக்கும் சோதனை உட்செவியோடு நின்றுவிடும். நரம்பின் நிலையைக் காட்டாது. கடும் மஞ்சட்காமாலை கண்ட சிசுவுக்கோ, பிலிருபின் என்னும் நிறமி செவி நரம்பையும் மூளைத்தண்டையும் தாக்குகிறது. ஆகவே இச்சோதனையில் தேறிய குழந்தைக்கும் செவிக்குறை இருத்தல் கூடும். மூளையிலும் சேதம் நேர்ந்திருப்பின், அது பின்னர்க் கை கால்களின் கட்டற்ற அசைவாகவும் வெளிப்படும். இத்தகைய சிசுவுக்கு வேண்டுவது, தலையில் மின்வாய் ஒட்டி மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் சோதனையே. வலியற்றது, உறக்கத்திலேயே முடிவது. 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் இது செய்யப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் குறை தெளிவாதல் வேண்டும். ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் வேண்டும். கைதட்டிப் பார்ப்பது சோதனையாகாது. நிழலசைவுக்கும் குழந்தை திரும்பிவிடும். ஒலி கேட்டும் சொல் விளங்காது விழிக்கும் மாணவனை மந்தன் என ஒதுக்குமுன், பிறந்தபோது காமாலை கண்டதா என்று ஆசிரியர் பெற்றோரைக் கேட்கலாம்.