தானாக ஆடும் சாப்ட்வேர் சூதாட்டத்தில் ஜெயிக்குமா?



இந்த மாதப் பாடம் செல்போன் சூதாட்டத்தைப் பற்றியது. கனகம்மாசத்திரம் பகுதிக் குழுக்களில் கடன் கேட்கும்போது இப்போது புதுசாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "அம்மா, குழுவுல அஞ்சாயிரம் வாங்கிக் கொடு. நான் உக்காந்து ஆடப் போறதில்ல. சாப்ட்வேரே ஆடும். கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். திட்டி அனுப்பினால் வெளியே கந்துவட்டிக்கு வாங்குவான். கணக்குப் போட்டுக் காட்டினால் யோசிப்பான். அந்தக் கணக்கை முதலில் நாம் தெரிஞ்சுக்குவோம்.

ஆட்டம் எப்படி?

இதன் பெயர் பிளாக்ஜாக். கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் 21-க்குக் கிட்டே போக வேண்டும். எதிரில் ஆடுவது சூதாட்டக் கம்பெனி.

சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். நாம் முதலில் சீட்டு எடுக்க வேண்டும். 21-ஐத் தாண்டினால் அந்த நிமிடமே நம் பணம் போச்சு. அதற்குப் பிறகு கம்பெனிக்காரன் தாண்டினாலும் நமக்குத் திரும்பி வராது. இந்த ஒரு விதியில்தான் அவனுடைய லாபம் ஒளிஞ்சிருக்கு.

சாப்ட்வேர் என்ன செய்யும்?

எப்போது சீட்டு எடுக்கணும், எப்போது நிறுத்தணும் என்பதற்குக் கணக்கு உண்டு. அதைச் சாப்ட்வேர் தப்பில்லாமல் செய்யும், உண்மைதான். ஆனால் துளி தப்பில்லாமல் ஆடினாலும், பொதுவான விதிகளில் 100 ரூபாய்க்குச் சராசரியாக 50 காசு கம்பெனிக்குத்தான் போகும்.

"வெறும் 50 காசுதானே?" என்று தோணும். சாப்ட்வேருக்குத் தூக்கம் கிடையாது. மணிக்கு 100 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் நஷ்டம். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 500. பத்து நாளில் சராசரியாக 5,000. நடுவில் ஒரு நாள் லாபம் வரும், ஒரு நாள் கூடுதலாகப் போகும். ஓட ஓட நஷ்டம்தான் நிலைக்கும். ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான் இது.

"ஒருத்தர் ஜெயிச்சாரே?"

ஜெயித்தவர் உண்டு. எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, ஜெயிக்கும் வழியை 1962-ல் புத்தகமாகவே எழுதினார். வெளியே வந்த சீட்டுகளை மனசில் வைத்துக்கொண்டு, கட்டில் மீதி இருப்பது நமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் பணத்தைக் கூட்டிக் கட்டுவதுதான் அந்த வழி. சூதாட்ட விடுதிகள் சும்மா இருக்கவில்லை. பல சீட்டுக்கட்டுகளைச் சேர்த்தார்கள், அடிக்கடி கலைத்துப் போட்டார்கள்.

செல்போனில் கம்ப்யூட்டர் சீட்டுப் போடும் ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு புதுசாகக் கலைக்கப்படுகிறது. போன ஆட்டத்தை ஞாபகம் வைத்துப் பயனே இல்லை. தார்ப் கணக்கு அங்கே செல்லாது.

இரட்டிப்புக் கட்டும் தந்திரம்

இப்படிச் சாப்ட்வேர் விற்பவர்கள் சொல்லும் இன்னொரு வழி, தோற்றால் இரண்டு மடங்கு கட்டுவது. 100, 200, 400, 800, 1,600, 3,200 என்று போகும். எப்போது ஜெயித்தாலும் மொத்த லாபம் 100 ரூபாய்தான். ஆறும் தொடர்ந்து தோற்றால் போவது 6,300 ரூபாய்.

நாணயம் சுண்டுவது போலச் சரிபாதி வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆறு தடவை தொடர்ந்து தோற்பது 64-ல் ஒரு முறை வரும். மீதி 63 முறை ஜெயித்தால் 63 × 100 = 6,300. ஒரு முறை தோற்றால் 6,300. வந்ததும் போனதும் சரி. இதில் கம்பெனியின் 50 காசு வேறு இருக்கிறதே! அதனால் கடைசியில் கையை விட்டுத்தான் போகும். சாப்ட்வேர் ஆடும் வேகத்துக்கு அந்த 64-வது முறை ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடலாம்.

தவிர, சாப்ட்வேர் வைத்து ஆடக் கூடாது என்று பெரும்பாலான கம்பெனிகள் விதி போட்டிருக்கின்றன. அதைக் காட்டியே ஜெயித்த பணத்தை நிறுத்திவிடலாம். இன்னொன்றும் யோசியுங்கள். அது நிஜமாகவே ஜெயித்தால், விற்கிறவன் தானே ஆடிச் சம்பாதிப்பானே, நம்மிடம் ஏன் விற்கிறான்?

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது நமக்குத் தெரியும். நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை கொடுத்த பிறகு, ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-ல் நம் மாநிலத்தில் அமலுக்கு வந்தது. ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் விலக்கியது. அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை செல்லும் என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை என்று சட்டம் நிறைவேற்றியது.

நாம் செய்ய வேண்டியவை

1. கடன் எதற்கு என்று கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, ஓ.டி.பி. எதையும் பிள்ளைகளிடம்கூடக் கொடுக்க வேண்டாம்.

3. ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

4. ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவரை அவமானப்படுத்தாதீர்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் பேசச் சொல்லுங்கள்.

குழுவில் நாம் கட்டும் வட்டி சுற்றிவந்து நம் குழுவுக்கே சேருகிறது. சூதாட்டத்தில் போகும் 50 காசு திரும்பி வராது.

கூட்டத்தில் பேசுவோம்

100 ரூபாயில் தொடங்கி ஏழு முறை இரட்டிப்பாகக் கட்டித் தோற்றால் மொத்தம் எவ்வளவு போகும்? ஒவ்வொருவரும் கூட்டிப் பாருங்கள். (விடை: 12,700 ரூபாய்.) அந்தப் பணத்தைச் சேமிக்க நம் குழுவில் ஒரு உறுப்பினருக்கு எத்தனை மாதம் ஆகும்? அதையும் கணக்குப் போட்டு, வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.